அந்நியன் மேல் பழி, ஏழையின் மேல் சோதனை!

நோய்க்கு மருந்து காண்பதில் மனிதன் மந்தன். நோய்க்கு அயலான் பெயரைச் சூட்டுவதிலோ மகா சமர்த்தன். 1495ஆம் ஆண்டில் பிரெஞ்சு மன்னன் எட்டாம் சார்ல்ஸின் படை இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரைப் பிடித்தது. பல நாட்டுக் கூலிப்படையினர் கலந்த அந்தச் சேனையிலே ஒரு கொடிய புண் நோய் கிளம்பிற்று. படை கலைந்தது, ஒவ்வொருவனும் தன் தன் ஊருக்கு நோயையும் சுமந்துகொண்டு சென்றான். இத்தாலியர் அதனைப் 'பிரெஞ்சு நோய்' என்றனர். பிரெஞ்சுக்காரரோ 'நேப்பிள்ஸ் நோய்' என்றனர். உருசியர் போலந்துக்காரன் தலையிற் போட்டனர். துருக்கியர் கிறித்தவன் தலையிற் போட்டனர். யப்பானியர் சீனன் தலையிற் போட்டனர். நாம் மட்டும் சும்மா இருந்தோமா? 'பறங்கிப்புண்' என்று நாமகரணஞ் செய்தோம்.

பறங்கியரின் கப்பல்கள் வந்ததும் அந்நோய் கீழைத்தேசமெங்கும் பரந்ததும் அடுத்தடுத்து நிகழ்ந்தவை என்பது மெய். 1498இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக் கரையை அடைந்தான். 1505இல் போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தனர். 1512 அளவில் அந்நோய் யப்பானிற் காணப்பட்டது. நீராவிக் கப்பல் இல்லை, ஆகாயவிமானம் இல்லை. பாய்மரக் காலத்திலேயே இருபது ஆண்டுக்குள் ஒரு பாலியல் நோய் உலகின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆயினும் நாம் சூட்டிய அந்தப் பெயரால் நாம் கற்றது என்ன? இலங்கையில் 'பறங்கி' என்ற அதே பெயர் 'யோஸ்' எனப்படும் வேறொரு புண் நோய்க்கும் ஒட்டிக்கொண்டது. அதுவோ உடலுறவாற் பரவுவதன்று. பெரும்பாலும் சிறுவரிடையே தோலோடு தோல் பட்டுப் பரவுவது. மருந்துக்கும் அதே பெயர்: பறங்கிப்பட்டை. அது பட்டையுமன்று, பறங்கி நாட்டதுமன்று. சீனத்துக் கொடியொன்றின் கிழங்கு! நோயையும் சரியாக அறியாமல், மருந்தையும் சரியாக அறியாமல், ஏசுவதற்கு ஓர் ஆளை மட்டும் அறிந்திருந்தோம். நோயை விளைக்கும் கிருமியை 1905இல் பேர்லின் நகரில் சவுடின், ஹொஃப்மன் என்னும் இருவர் கண்டனர். பெனிசிலின் அந்நோயைத் தீர்க்கும் என்பது 1943இல் தெளிவாயிற்று. அதுவரை ஏறக்குறைய நானூற்றைம்பது ஆண்டுகள் ஒவ்வொரு நாடும் அடுத்த நாட்டைத் திட்டிக்கொண்டிருந்தது. ஒரு புண்ணும் ஆறவில்லை.

பழங்கதை எதற்கு என்று கேட்பீர்கள். இது பழங்கதையன்று; இன்று நம் வீட்டு வாசலில் நடக்கும் கதை. வயலில் நோய் விழுந்தால் வரம்புக்கு அப்பாலுள்ளவனைச் சபித்துக்கொண்டு நிற்கும் கமக்காரனை ஊர் சிரிக்கும். ஆனால் அரசுகள் அதையே செய்யும்போது அதற்குச் 'சுகாதாரக் கொள்கை' என்று பெயர். பிரயாணிகளோடு பாலியல் நோய்களும் பிரயாணம் செய்கின்றன என்பதை எல்லா அரசுகளும் அறியும். அறிந்தும் அவை செய்வது இரண்டே. அந்நியன் ஒருவனைக் குற்றவாளியாக்குகின்றன. ஏழைப் பிரயாணியின் குருதியை வாங்கிச் சோதிக்கின்றன. பணக்காரப் பிரயாணிக்கு மாலை போடுகின்றன. நோயோ மூவரிடத்தும் சமத்துவம் பாராட்டி உலாவுகின்றது!

பெண்ணைப் பிடித்தார்கள், ஆணை விட்டார்கள்

பிரித்தானியப் பேரரசின் பட்டாளத்தையும் கடற்படையையும் மேகநோய் அரித்துத் தின்றது. பேரரசு என்ன செய்தது? 1864இலும் 1866இலும் 1869இலும் தொற்றுநோய்ச் சட்டங்களை இயற்றிற்று. பாளையங்களும் துறைமுகங்களும் இருந்த ஊர்களிலே, விலைமாது என்று பொலிசாரின் கண்ணுக்குத் தோன்றிய எந்தப் பெண்ணையும் பிடித்துச் சோதிக்கலாம்; மறுத்தால் சிறை. நோய் கண்டால் வைத்தியசாலையில் அடைப்பு. ஊர் ஊராகவும் நாடு நாடாகவும் பெயர்ந்துகொண்டிருந்தவன் போர்வீரன், மாலுமி. அவர்களைக் கட்டாயமாகச் சோதிக்க அச்சட்டங்களில் ஒரு வரி இல்லை. ஏன்? ஆண்மகனின் மானம் கெட்டுவிடுமாம்! 1868இல் அதே சட்டத்தின் தம்பி இந்தியாவுக்கும் வந்தான். யோசபின் பட்லர் என்னும் அம்மையார் ஊர் ஊராகச் சென்று பேசி, கல்லெறியும் வசையும் தாங்கிப் போராடினார். 1886இல் பிரித்தானியப் பாராளுமன்றம் அச்சட்டங்களை நீக்கிற்று. இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பிடித்தும் அடைத்தும் பார்த்தார்களே, மேகநோய் ஒழிந்ததா என்றால் இல்லை. கப்பல் வந்துகொண்டே இருந்தது. கப்பலில் வந்தவனை எவரும் கேட்கவில்லை.

இலங்கையில் 1841ஆம் ஆண்டின் நாடோடிகள் கட்டளைச் சட்டத்தைப் பிரித்தானியர் விட்டுச் சென்றனர். சுதந்திரம் வந்து எத்தனையோ ஆண்டுகள் கழிந்த பின்னும், தெருவில் நின்ற பெண்களைப் பிடிக்க நமது பொலிசார் அதனையே தூக்கிப் பிடித்தனர். பெண்ணின் கைப்பையில் ஆணுறை இருந்தால் அதுவே சாட்சி என்று காட்டப்பட்டதாக முறைப்பாடுகள் எழுந்தன. சுகாதாரத் திணைக்களம் ஒரு கையால் ஆணுறையைக் கொடுக்க, பொலிஸ் திணைக்களம் மறுகையால் அதைச் சான்றுப்பொருளாகப் பறித்தால், அந்த அரசை என்னவென்று சொல்வது?

பூச்சியமாக்கப்பட்ட மனிதன்

விமானயுகத்தில் பழி சுமந்த பிரயாணியின் வரலாறு இன்னுங் கொடியது. கெற்றன் டுகா என்பவர் கனடாவின் பிரெஞ்சு மொழியினர். எயார் கனடா நிறுவனத்தில் விமானப் பணியாளர். ஆண்களோடு உறவுகொண்டவர். 1980களின் தொடக்கத்தில், பெயர்கூட இடப்படாதிருந்த எயிட்ஸ் நோய் அவரைப் பற்றிற்று. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்தினர், இந்நோய் உடலுறவாற் பரவுகின்றதா என்று ஆராய்ந்துகொண்டிருந்தனர். மற்றையோர் பலர் வாய் திறக்க அஞ்சிய வேளையில், டுகா தமக்கு நினைவிலிருந்த எழுபதுக்கு மேற்பட்டோரின் பெயர்களை ஆராய்ச்சியாளரிடம் கொடுத்தார். பத்து நகரங்களைச் சேர்ந்த 40 நோயாளரை இணைத்து ஒரு படம் வரையப்பட்டது. நோய் உடலுறவாற் பரவுவது என்று காட்டுவதற்கு அந்தப் படம் பெருந்துணை புரிந்தது. அந்த அறிக்கை 1984 மார்ச்சு மாதம் வெளிவந்தது. அதே மாதத்தில் அவர் இறந்தார்.

அவர் செய்த உபகாரத்துக்கு உலகம் கொடுத்த கூலி என்ன? ஆராய்ச்சிக் குறிப்பில் அவர் கலிபோர்னியாவுக்கு வெளியே உள்ளவர் என்பதைக் காட்ட ஆங்கில எழுத்தாகிய 'ஓ' இடப்பட்டிருந்தது. அதனைச் சிலர் பூச்சியம் என்று வாசித்தனர்! எழுத்து எண்ணாயிற்று, எண் குற்றச்சாட்டாயிற்று. 1987இல் பத்திரிகையாளர் றண்டி சில்ற்ஸ் எழுதிய நூல் அவர் பெயரை வெளியிட்டது. உடனே நியூயோர்க்கின் நாளேடொன்று, நமக்கு எயிட்ஸைத் தந்த மனிதன் இவனே என்று பொருள்படப் பெருந்தலைப்பிட்டது. இறந்தவர் எழுந்து வந்து மறுக்க முடியுமா? வானத்தில் பறந்து பறந்து கண்டமெங்கும் நஞ்சு தூவிய அரக்கனாக அவர் சித்திரிக்கப்பட்டார்.

2016இல் உண்மை வெளிப்பட்டது. 1978, 1979ஆம் ஆண்டுகளில் நியூயோர்க்கிலும் சான்பிரான்சிஸ்கோவிலும் வேறு காரியத்துக்காக எடுத்துச் சேமித்து வைக்கப்பட்டிருந்த குருதியை விஞ்ஞானிகள் ஆராய்ந்தனர். வைரசின் பரம்பரையைக் கணித்தபோது, அது கரிபியன் தீவுகளிலிருந்து 1970, 1971 அளவிலேயே நியூயோர்க்கை அடைந்துவிட்டதென்று தெரிந்தது. அப்போது டுகா இருபது வயது நிரம்பாத இளைஞர். அவர் உடலிலிருந்த வைரசும் பிறவற்றுக்கு மூலமன்று. மரத்தின் நடுவே உள்ள பல கிளைகளில் ஒன்று. இன்னும் பின்னே சென்றால், 1920 அளவில் கொங்கோ நாட்டின் கின்சாசா நகரில் அப்பெருந்தொற்று வேரூன்றியதென்றும், ஆற்றுப் போக்குவரத்தும் பெல்ஜியக் குடியேற்ற ஆட்சி இட்ட இருப்புப்பாதைகளுமே அதை நாட்டுக்குள் கொண்டுசென்றன என்றும் ஆராய்ச்சி காட்டுகின்றது. இருப்புப்பாதை போட்டவனை எவரும் 'பூச்சியம்' என்று அழைக்கவில்லை. விமானத்தில் தேநீர் பரிமாறியவனே அகப்பட்டான்.

முப்பது ஆண்டுப் பொய்க்கு எவரும் தண்டம் கட்டவில்லை. பழி ஒருவனோடு நின்றிருந்தாலும் பொறுக்கலாம். 'அந்த ஒருவன்' வந்ததனால்தான் நோய் வந்தது என்று நம்பிய கோடிக்கணக்கானோர், தமக்கு வராது என்றும் நம்பினர். பழிகூறலின் முழு நட்டமும் அங்கேதான் இருக்கிறது. நோய் அந்நியனுடையது என்று சொன்ன கணத்திலேயே, நாம் நம்மைச் சோதிப்பதை நிறுத்திவிடுகிறோம்.

வாசலை அடைத்த வல்லரசு

1987 மார்ச்சில் உலகச் சுகாதார நிறுவனம் ஜெனீவாவிலே நிபுணர்களைக் கூட்டிற்று. சர்வதேசப் பிரயாணிகளை எச்.ஐ.வி.க்காகச் சோதிப்பதனால் நோய் நிற்குமா என்பது வினா. நில்லாது, மிகுந்த செலவில் சிறிது காலம் தாமதிக்கலாம், அவ்வளவே என்பது அவர்களின் விடை. அதே ஆண்டில் ஐக்கிய அமெரிக்கா எச்.ஐ.வி. உள்ள அந்நியருக்கு வாசலை அடைத்தது! அப்போது உலகில் அறிவிக்கப்பட்டிருந்த எயிட்ஸ் நோயாளரில் மிகப் பெரும்பாலார் எந்த நாட்டினர்? அமெரிக்கரே. வீடு முழுவதும் தீ. வாசலில் நின்று, வருகிறவன் கையில் தீப்பெட்டி இருக்கிறதா என்று பார்த்தார்கள். 1993இல் அமெரிக்கக் காங்கிரசு அத்தடையைச் சட்டமாகவே ஆக்கிற்று. எயிட்ஸ் பற்றிய சர்வதேச மாநாடு 1990க்குப் பின் இருபத்திரண்டு ஆண்டுகள் அந்நாட்டு மண்ணில் கூடவில்லை. 1992இல் பொஸ்ரனில் கூடவிருந்ததை அம்ஸ்ரர்டாமுக்கு மாற்றினர். 2010 ஜனவரியிலேதான் தடை நீங்கிற்று. அந்த இருபத்திரண்டு ஆண்டுக்கும் மேலான தடையினால் அமெரிக்காவில் நோய் நின்றதா? எள்ளளவும் இல்லை.

விஞ்ஞானம் அறியாத கமக்காரருக்கும் இதன் காரணம் விளங்கும். விதைத்த மறுநாள் வயலைப் பார்த்து, களை இல்லை என்று சான்றிதழ் எழுதிக் கொடுக்கலாமா? எச்.ஐ.வி. தொற்றியபின் குருதிச் சோதனையில் தெரிவதற்குச் சில வாரங்கள் செல்லும். நேற்றுத் தொற்றியவன் இன்று 'சுத்தமானவன்' என்ற பத்திரத்தோடு விமானம் ஏறலாம். நாளை தொற்றப்போகிறவனைப் பற்றிப் பத்திரம் ஒன்றுமே சொல்லாது. மாறாக, தொற்றுள்ளவர் மருந்தை ஒழுங்காக உண்டு வந்தால், அவர் குருதியில் வைரசு கண்டறிய முடியாத அளவுக்குத் தாழ்கிறது. அந்நிலையில் உடலுறவால் அவர் பிறருக்குத் தொற்றைக் கொடுப்பதில்லை என்பது ஆயிரக்கணக்கான தம்பதியரையும் சோடிகளையும் ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்து கண்ட உண்மை. ஆகவே தொற்று அறிந்து மருந்துண்ணும் பிரயாணி, தொற்றை அறியாது திரியும் பிரயாணியைக் காட்டிலும் ஊருக்குப் பாதுகாப்பானவர். சட்டமோ முன்னவரைத் துரத்துகிறது, பின்னவரை வரவேற்கிறது.

குவைத்துக்குப் போகும் மகளும் கடற்கரைக்கு வரும் கனவானும்

இனி நம் கதைக்கு வருவோம். காணியை ஈடு வைத்து, நகையை அடகு வைத்து, மத்திய கிழக்குக்கு மகளை அனுப்பும் குடும்பங்கள் வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் எத்தனை! வளைகுடா நாடுகள் அவளுக்கு விசா கொடுக்குமுன் அவள் குருதியைக் கேட்கின்றன. எச்.ஐ.வி., மேகநோய், ஈரல் அழற்சி, காசநோய், கர்ப்பம், இவை அத்தனைக்கும் சோதனை. அங்கே போய் இறங்கியபின் மீண்டுஞ் சோதனை. வேலை அனுமதியைப் புதுப்பிக்க மீண்டுஞ் சோதனை. அகப்பட்டால் 'தகுதியற்றவர்' என்ற ஒரு முத்திரை, அடுத்த விமானம். என்ன நோய், எங்கே மருந்து, கணவனுக்கு என்ன சொல்வது, ஒன்றுமே சொல்லப்படாமல் வீடு வந்தோர் பலர்.

கேட்கிறோம்: இலங்கையிற் சோதித்து நோயில்லை என்று அனுப்பப்பட்ட பெண்ணுக்கு, இரண்டு ஆண்டு கழித்து அங்கே நோய் காணப்பட்டால், அந்நோய் எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்து விழுந்ததா? அவளைப் பூட்டி வைத்து வேலை வாங்கிய வீட்டின் ஆண்களுடைய குருதியை எவராவது சோதித்தார்களா? நோயைக் கொடுத்த நாடு நோயாளியை 'இறக்குமதிப் பண்டத்தில் பழுது' என்று திருப்பி அனுப்புகிறது. நமது அரசாங்கமோ, அந்நியச் செலாவணி அனுப்பியபோது 'நாட்டின் வீராங்கனை' என்று மேடையிற் புகழ்ந்த அதே பெண்ணை, திரும்பி வந்ததும் கண்ணெடுத்துப் பார்ப்பதில்லை.

அதே வளைகுடா நாட்டுக்கு ஓர் ஐரோப்பியர் உல்லாசப் பிரயாணியாகப் போகிறார். அவர் குருதியை எவரும் கேட்பதில்லை. நமது நாட்டுக்கும் 2024இல் இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட உல்லாசப் பிரயாணிகள் வந்தனர். அவர்களிடமும் நாம் கேட்கவில்லை. கேட்க வேண்டுமென்றும் நாம் சொல்லவில்லை. ஒரு மடமையை இரண்டாக்குவதால் அறிவு பிறக்காது. ஆனால் எவனுடைய குருதி கேட்கப்படுகிறது, எவனுடையது கேட்கப்படவில்லை என்று பாருங்கள். கிருமியை அஞ்சியா இந்தச் சோதனை? கிருமிக்கு வங்கிக் கணக்குத் தெரியாது. கூலியாளின் உடம்பு மாற்றத்தக்க ஒரு பண்டம், கனவானின் உடம்பு தொடத்தகாத ஒரு சொத்து, இதுவே அங்குள்ள நியாயம். 2010இல் சர்வதேசத் தொழில் நிறுவனம் தனது 200ஆம் இலக்கப் பரிந்துரையில், வேலைக்காகவோ குடிபெயர்வதற்காகவோ எவரையும் எச்.ஐ.வி. சோதனைக்குக் கட்டாயப்படுத்தலாகாது, எச்.ஐ.வி. காரணமாகத் தொழிலாளர் குடிபெயர்வதைத் தடுக்கலாகாது என்று கூறிற்று. 2019இல் ஐக்கிய நாடுகளின் எயிட்ஸ் அமைப்பு எண்ணியபோது, 48 நாடுகளும் ஆட்சிப் பிரதேசங்களும் ஏதோ ஒரு வகையில் அத்தகைய தடைகளைக் கைவிடாதிருந்தன.

கனவான்கள் யோக்கியர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 2010இல் பல ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்துக் கணித்த மருத்துவக் கட்டுரையொன்று, வெளிநாடு சென்ற பிரயாணிகளில் நூற்றுக்கு இருபது பேர் அளவில் போன இடத்திலே புதிதாக ஒருவரோடு உறவுகொண்டனர் என்றும், அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் ஆணுறையின்றியே உறவுகொண்டனர் என்றும் கண்டது. ஆராயப்பட்டவர்களில் மிகப் பலர் செல்வ நாடுகளிலிருந்து சென்றவர்கள். ஊரில் ஒழுங்கானவர், விமானம் ஏறியதும் ஊர்க்கண் மறைந்துவிடுகிறது, மதுவும் சேர்ந்துகொள்கிறது. நம்மவரிலே மகாநாட்டுக்கும் பயிற்சிக்கும் வியாபாரத்துக்கும் பறக்கும் டாக்டர்கள், எஞ்சினியர்கள், கணக்காளர்கள் இந்தப் பத்தியை வாசித்துவிட்டு, இது வேறு யாரையோ பற்றியது என்று பக்கத்தைத் திருப்புவார்களாயின், பிரெஞ்சு நோய் என்ற இத்தாலியனுக்கும் அவர்களுக்கும் என்ன பேதம்?

ஒழுக்கம் போதிப்பவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. 2008இல் அமெரிக்காவின் கொலறாடோவைச் சேர்ந்த நுளம்பு ஆராய்ச்சியாளர் ஒருவர் ஆபிரிக்காவின் செனகல் நாட்டில் வேலை செய்துவிட்டு வீடு திரும்பினார். அங்கே நுளம்பு கடித்துச் சீக்கா வைரசு அவரைப் பற்றியிருந்தது. சில நாட்களில், ஊரைவிட்டே போகாத அவர் மனைவிக்கும் அதே நோய். நுளம்பாற் பரவும் அந்த நோய் உடலுறவாலும் பரவும் என்று அறியப்பட்டது அவ்வாறே. தவறு செய்யாத கணவன், தவறு செய்யாத மனைவி, தாலி கட்டிய வீடு! கற்பைச் சோதிக்கும் கருவி எதுவும் அங்கே உதவியிராது.

அஞ்சாமல் வந்தவன் பிழைத்தான்

வெட்டை நோயின் வரலாறு, அச்சத்துக்கும் வைத்தியத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும். அந்நோய்க் கிருமி ஒவ்வொரு மருந்தையும் கற்றுக்கொண்டு வென்றுவருகிறது. 1976இல் பெனிசிலினை அழிக்கும் வெட்டைக்கிருமி பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் காணப்பட்டது. ஒன்று மேற்கு ஆபிரிக்காவோடும் மற்றது கிழக்காசியாவோடும் தொடர்புற்றிருந்தது. 2018இல் இங்கிலாந்தில் ஒருவர் வைத்தியரிடம் வந்தார். தென்கிழக்காசியாவில் ஒரு பெண்ணோடு கொண்ட உறவில் அவருக்கு அந்நோய் தொற்றியிருந்தது. அந்நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கப்பட்ட இரண்டு மருந்துகளையும் அக்கிருமி பொருட்படுத்தவில்லை. அவ்வளவு வலிமையான கிருமி அதற்குமுன் உலகிற் காணப்பட்டதில்லை. வேறொரு மருந்தை நரம்பு வழியாக ஏற்றி அவரைக் குணமாக்கினர். இங்கிலாந்தில் அவரோடு தொடர்புடையவரும் சோதிக்கப்பட்டார். கிருமி நாட்டில் வேரூன்றவில்லை.

இது எப்படிக் கைகூடிற்று? அங்கே பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்துக்குள் எவரும் காசின்றிப் புகலாம். சொன்னது வெளியே போகாது. போன இடத்தையும் கூடிய ஆளையும் அவர் மறையாமற் சொன்னார். அந்நாட்டவரல்லாதோருக்கும் பாலியல் நோய்ச் சிகிச்சை இலவசம். 2012 ஒக்டோபர் முதல் எச்.ஐ.வி. மருந்தையும் அவ்வாறே ஆக்கினர். இதே மனிதர் பிடிபட்டால் நாடுகடத்தப்படுவோம் என்று அஞ்சிய ஒரு கூலியாளாக இருந்திருந்தால், மருந்துக்கடையில் ஏதோ நாலு குளிசையை வாங்கி விழுங்கிவிட்டு மறைந்திருப்பார். கிருமி ஊர்சுற்றியிருக்கும்.

நூறு ஆண்டுகளுக்கு முன்னே இந்த அறிவு அரசுகளுக்கு ஒரு தரம் வந்ததுண்டு! 1924 டிசம்பர் முதலாந் தேதி பிரசெல்ஸ் நகரில் ஓர் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. அதிற் சேர்ந்த நாடுகள் தமது பெருந்துறைமுகங்களில் மேகநோய்ச் சிகிச்சை நிலையங்களை வைத்திருக்க வேண்டும். எந்நாட்டு வணிகக் கப்பல் மாலுமியாயினும் அங்கே வரலாம். வைத்தியம் இலவசம், மருந்து இலவசம், தங்க வேண்டுமாயின் அதுவும் இலவசம், அடுத்த துறைமுகம் வரைக்கும் வேண்டிய மருந்தும் கொடுத்தனுப்ப வேண்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை. அதில் நோய், செய்த சிகிச்சை, குருதிச் சோதனை விவரம் எழுதப்படும். ஆனால் ஆளின் பெயர் இராது; எண் மட்டுமே இருக்கும். அடுத்த துறைமுகத்து வைத்தியர் அதைப் பார்த்து, விட்ட இடத்திலிருந்து தொடருவார். நிலையம் எங்கே, எந்நேரத்தில் திறந்திருக்கும் என்று கப்பலிலேயே மாலுமிகளுக்கு அறிவிக்க வேண்டும்.

பெனிசிலின் இல்லாத காலம்! விமானம் அரிதான காலம்! குடியேற்ற ஆட்சிகளின் காலம்! அப்போது கூலி மாலுமிக்குக் கொடுத்த மரியாதையை, சந்திரனில் மனிதன் நடந்த பின்னரும் வீட்டுப் பணிப்பெண்ணுக்குக் கொடுக்க மனமில்லை. மாலுமியைக் கப்பலிலிருந்து இறக்கித் துரத்தினால் கப்பல் ஓடாது என்று முதலாளிகளுக்குத் தெரிந்திருந்தது. பணிப்பெண்ணுக்குப் பதிலாக இன்னொருத்தி கிடைப்பாள் என்பது இன்றைய எசமானருக்குத் தெரிந்திருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

நம்மவர் செய்யக் கூடியது

இலங்கைக்கு இது முடியாத காரியம் என்று எவரும் சாக்குச் சொல்ல வேண்டாம். இலங்கையர் ஒருவருக்கு எச்.ஐ.வி. முதன்முதலாகக் காணப்பட்டது 1987இல். தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் மேகநோயும் பரவுவதை இந்நாடு ஒழித்துவிட்டது என்று 2019 டிசம்பரில் உலகச் சுகாதார நிறுவனமே சான்று வழங்கிற்று. அது எவரால் நடந்தது? ஊர் ஊராகச் சைக்கிளிலும் கால்நடையாகவும் சென்று, கர்ப்பிணிகளைக் கிளினிக்குக்கு அழைத்த மருத்துவிச்சிமாரால் நடந்தது. நீ நல்லவளா கெட்டவளா என்று எந்தத் தாயையும் அவர்கள் கேட்கவில்லை. எல்லாத் தாய்மாருக்கும் ஒரே சோதனை, நோய் கண்டால் உடனே மருந்து, மருந்துக்குக் காசில்லை, வெளியே பேச்சில்லை. கர்ப்பிணிக்குச் செய்ய முடிந்ததைப் பிரயாணிக்கு ஏன் செய்ய முடியாது?

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985 முதல் நடக்கிறது. புறப்படுவோருக்கு அது வகுப்பும் நடத்துகிறது. அவ்வகுப்பிலே குளிர்ப்பெட்டியையும் சலவை யந்திரத்தையும் காட்டுவதோடு, ஆணுறையையும் காட்டட்டும். பலாத்காரம் நேர்ந்தால் எழுபத்திரண்டு மணிநேரத்துக்குள் எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தொடங்கலாம் என்பதையும், எவ்வளவு விரைவாகத் தொடங்கினும் அவ்வளவுக்கு நன்று என்பதையும், தமிழிலே, வெட்கத்தை விட்டு, தெளிவாகச் சொல்லட்டும். இந்த எழுபத்திரண்டு மணிநேரக் கணக்கை நமது படித்தவர்களில் எத்தனை பேர் அறிவர்? தமிழ் வைத்தியர்களே, உங்கள் ஊர் வாசிகசாலையில் நீரிழிவைப் பற்றிப் பேசியதுபோல இதையும் ஒரு மாலை பேசினால் உங்கள் கௌரவம் குறைந்துவிடாது. பேசாமல் விட்டால், அந்த இடத்தில் பரியாரி வேடமிட்ட மோசக்காரன் வந்து பேசுவான்; இரகசிய வியாதிக்கு இரகசிய மருந்து என்று சுவர் தோறும் ஒட்டியிருப்பவன் அவனே.

திரும்பி வருவோருக்கோ, கட்டுநாயக்காவில் இறங்கும் வேளையில் கையிலே ஒரு துண்டுக் காகிதம் போதும்: எந்த ஊர் ஆஸ்பத்திரியில், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, காசில்லாமல், பெயர் வெளிவராமல் சோதித்துக்கொள்ளலாம் என்பது அதில் இருக்கட்டும். வேலைக்குப் போய் வந்தவருக்கு மட்டுமன்று. பாரிசுக்குப் போய் வந்த கணக்காளருக்கும், பாங்கொக்குக்குப் போய் வந்த வியாபாரிக்கும், கோடை விடுமுறைக்கு வந்திறங்கும் வெள்ளைக்காரருக்கும் அதே காகிதம் கொடுக்கப்படட்டும். ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் அது குற்றப்பத்திரம். எல்லோருக்கும் கொடுத்தால் அது விலாசம்.

இனி, அடுத்த தொழிலாளர் ஒப்பந்தத்துக்குக் கையெழுத்திட எந்த அமைச்சர் விமானம் ஏறினாலும் அவரிடம் நாம் ஒன்று கேட்போம். எங்கள் மக்களின் குருதியை எடுக்க உங்களுக்குச் சம்மதம் என்றால், நோய் கண்டவருக்கு அங்கேயே சிகிச்சை என்ற ஒரு வாசகத்தை ஒப்பந்தத்திற் சேர்த்துக்கொண்டு வருவீர்களா? வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்ற வாசகத்தையும், பெயரில்லாமல் எண் மட்டும் எழுதிய ஓர் அட்டையையும் கேட்டு வாங்குவீர்களா? கேட்டேன், மறுத்தார்கள் என்றால், மறுத்தவர் யார் என்று திரும்பி வந்து பாராளுமன்றத்திற் சொல்லுங்கள். வடக்கு, கிழக்கு, மலையகத்து உறுப்பினர்கள் இந்தக் கேள்வியை அடுத்த அமர்விலேயே எழுப்பட்டும்.